முதல் பிறந்த நாளுக்கு முன்பே

குழந்தைக்குப் பெயர் வைக்க நாள் பார்க்கிறோம். மொட்டை போடவும் காது குத்தவும் நாள் பார்க்கிறோம். வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைக்குச் சட்டமும் ஒரு நாள் குறித்து வைத்திருக்கிறது. அதுதான் முதல் பிறந்த நாள். அதற்குள் அந்தக் குழந்தை எந்த நாட்டுக் குடிமகனாக வளர வேண்டும் என்பதைப் பெற்றோர் முடிவு செய்தாக வேண்டும். முடிவு செய்யாமல் இருப்பதும் ஒரு முடிவாகவே ஆகிவிடும். அதன் பலனைப் பிள்ளைதான் அனுபவிக்கும்.

நீலசந்திராவுக்கும் இந்தச் சட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தண்டுப் பகுதியை ஒட்டிய இந்தத் தமிழ்க் குடியிருப்புகளிலிருந்து இன்று பிள்ளைகள் உலகெங்கும் போகிறார்கள். ஓட்டுநராகவும் மின்பணியாளராகவும் வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம். தையல் ஆலையிலும் அலுவலகத்திலும் உழைத்த பெற்றோர் படிக்க வைக்க, அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போகிறவர்கள் இன்னொரு பக்கம். அங்கே பேரன் பிறந்தால் பஜார் தெருவில் இனிப்பு வழங்கப்படுகிறது. குடியுரிமைப் பேச்சு எழுவதோ, பெரும்பாலும் விமான டிக்கெட் எடுக்கும்போதுதான்.

முதலில் சட்டம் சொல்வதைப் பார்ப்போம். 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, தாய், தந்தை இருவரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தால், வெளிநாட்டில் பிறந்த பிள்ளையும் வம்சாவளியால் இந்தியக் குடிமகனாகலாம். ஆனால் 2004 டிசம்பர் 3 முதல் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பிறந்த ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். குழந்தையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் உறுதி எழுதித் தர வேண்டும். ஓராண்டு கடந்துவிட்டால் மத்திய அரசின் அனுமதி இருந்தால்தான் பதிவு நடக்கும்.

வளைகுடாவில் பிறக்கும் நம் பிள்ளைகளுக்கு இது உயிர்நாடியான விதி. அந்நாடுகள் அங்கே பிறந்ததற்காக மட்டும் யாருக்கும் குடியுரிமை தருவதில்லை. எனவே இந்தியப் பதிவும் இல்லையென்றால் அக்குழந்தைக்கு எந்த நாட்டுக் காகிதமும் இராது. ஐக்கிய அரபு எமிரேட்டில் 120 நாட்களுக்குள் குழந்தைக்கு வசிப்பு அனுமதி பெற்றாக வேண்டும். தவறினால் நாள் கணக்கில் அபராதம் ஏறும். பாஸ்போர்ட் இல்லாமல் அந்த அனுமதி கிடைக்காது. இவர்களுக்கு வழி ஒன்றே: பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்தவுடன் தூதரகத்துக்குப் போவது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் நிலைமை வேறு. அங்கே பிறந்த குழந்தைக்கு அந்நாட்டுக் குடியுரிமை கிடைப்பது வழக்கம். அமெரிக்காவில் 2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப், தற்காலிக விசாவில் இருப்போரின் குழந்தைகளுக்கு இது கிடையாது என்று ஆணையிட்டார். உடனே அது நீதிமன்றம் ஏறியது. இன்றிருக்கும் சலுகை என்றைக்கும் இருக்கும் என்று எண்ணிவிட முடியாது என்பதற்கு இதுவே போதும். எப்படியாயினும், அந்நாட்டுப் பாஸ்போர்ட் வாங்கிய பிள்ளைக்கு இந்தியப் பாஸ்போர்ட்டும் சேர்த்து வைத்துக்கொள்ள நம் சட்டம் இடம் தருவதில்லை. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத்தான் ஓ.சி.ஐ. எனப்படும் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை.

குழப்பம் இந்தப் பெயரில்தான் தொடங்குகிறது. பெயரில் குடிமகன் என்ற சொல் இருப்பதால், இது இரட்டைக் குடியுரிமை என்று பலர் நம்புகிறார்கள். சில தரகர்களும் அப்படிச் சொல்லியே காசு பார்க்கிறார்கள். உண்மை அதுவன்று. 2006ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இந்த அட்டை, ஆயுள் முழுவதும் விசா இல்லாமல் வந்து போகவும் தங்கவும் உரிமை தருகிறது. அது சிறிய வசதியன்று. ஆனால் அட்டைக்காரருக்கு வாக்குரிமை இல்லை. பொதுவாக அரசு வேலை இல்லை. விவசாய நிலமும் தோட்ட நிலமும் விலைக்கு வாங்க முடியாது. சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டவரே.

பேரனைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பெற்றோர் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். 2021 மார்ச் 4ஆம் தேதி மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி, மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளுக்கான அகில இந்திய நுழைவுத் தேர்வுகளில் ஓ.சி.ஐ. மாணவர்கள் வெளிநாடுவாழ் இந்தியருக்கான இடங்களுக்குத்தான் போட்டியிட முடியும். இந்தியக் குடிமக்களுக்கென ஒதுக்கிய இடங்களைக் கேட்க முடியாது. அந்தத் தேதிக்கு முன் அட்டை பெற்றவர்களுக்கு இது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. ஆனால் இனிப் பிறக்கும் குழந்தைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பாலர் பள்ளி முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பெங்களூரிலேயே படித்த பிள்ளை, மருத்துவக் கல்லூரி வாசலில் நிற்கும்போது வெளிநாட்டு இடத்துக்கான கட்டணத்தைக் கட்டச் சொன்னால் குமாஸ்தாவின் குடும்பம் என்ன செய்யும்?

பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்பாரும் உண்டு. அவர்கள் 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை அறிய வேண்டும். ஒரு தம்பதியர் 1998 டிசம்பரில் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றனர். அப்போது தாய் வயிற்றில் இருந்த மகன் 1999 மார்ச்சில் பிறந்தார். வளர்ந்தபின் அவர் இந்தியக் குடியுரிமையைத் திரும்பப் பெற விரும்பினார். சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பெற்றோர் இந்தியக் குடியுரிமையைத் தாமாக எழுதிக் கொடுத்துத் துறக்கவில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றதால் அது தானாகவே போயிற்று. ஆகவே எழுதித் துறந்தவர்களின் பிள்ளைகளுக்கென்று உள்ள சலுகை இவருக்குப் பொருந்தாது என்றது நீதிமன்றம். பெற்றோர் சென்ற வழி, கால் நூற்றாண்டுக்குப் பிறகு மகனின் வாசலை அடைத்தது. சட்டம் எழுத்தைப் பார்க்கிறது, ஏக்கத்தைப் பார்ப்பதில்லை.

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பது அந்தந்தக் குடும்பத்தின் உரிமை. அமெரிக்கக் குடியுரிமையும் ஓ.சி.ஐ. அட்டையும் போதும் என்று முடிவு செய்வது தவறன்று. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் எடுக்காமல் தூதரகத்தில் பதிவு செய்து இந்தியக் குடிமகனாகவே வளர்ப்பதும் ஒரு வழி; அப்படி வளரும் பிள்ளைக்குப் பிறந்த நாட்டுக் குடியுரிமையும் இருந்தால், 18 வயது நிறைந்த ஆறு மாதத்துக்குள் அதைத் துறக்க வேண்டும். நாம் சொல்வதெல்லாம், தெரிந்து தேர்ந்தெடுங்கள் என்பதே.

முடிவு செய்துவிட்டால் அடுத்தது காகிதம். ஓ.சி.ஐ. விண்ணப்பத்துக்குக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், அதன் வெளிநாட்டுப் பாஸ்போர்ட், பெற்றோரின் இந்தியப் பாஸ்போர்ட், திருமணப் பதிவுச் சான்றிதழ், புகைப்படம், கையெழுத்துக்குப் பதிலாகக் குழந்தையின் பெருவிரல் ரேகை ஆகியவை வேண்டும். பெற்றோர் இருவரும் கையெழுத்திட வேண்டும். தமிழ்க் குடும்பங்கள் இடறுவது இரண்டு இடங்களில். ஒன்று, கோயிலில் தாலி கட்டியதோடு சரி. திருமணத்தைப் பதிவு செய்திருக்க மாட்டார்கள். மற்றொன்று, நம் இனிஷியல். கல்விச் சான்றில் ஓரெழுத்தாக நிற்கும் தகப்பனார் பெயர், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக மாறியிருக்கும். பிள்ளையின் பிறப்புச் சான்றில் வேறு விதமாக எழுதப்பட்டிருக்கும். ஓர் எழுத்து மாறினாலும் விண்ணப்பம் திரும்பி வரும். மகளோ மகனோ விமானம் ஏறும் முன்பே திருமணத்தைப் பதிவு செய்து, பெயர்களை ஒரே மாதிரியாகத் திருத்தி வைப்பது, ஊறுகாயும் பொடியும் கட்டிக் கொடுப்பதைவிட முக்கியமான வேலை.

இன்னொரு எச்சரிக்கை. அட்டை வருவதற்குள் அவசரமாகக் குழந்தையை விசாவில் அழைத்து வருகிறவர்கள், அந்த விசா முடியும் நாளை நினைவில் வைக்க வேண்டும். கைக்குழந்தையானாலும் காலம் கடந்து தங்கினால் அனுமதியின்றித் தங்கிய வெளிநாட்டவர்தான். புறப்படும் நேரத்தில் அபராதத்துக்கும் வெளியேறும் அனுமதிக்கும் அலைய நேரிடும்.

குடும்பங்களின் கடமையைச் சொன்னோம். அரசின் கடமை என்ன? இந்தியாவிலேயே ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பித்தால் கட்டணம் 15,000 ரூபாய். வெளிநாட்டில் 275 டாலர். தையல் ஆலைத் தொழிலாளியின் குடும்பத்துக்கு இது ஒரு மாதச் சம்பளத்துக்கும் குறைவானதன்று. பச்சிளம் குழந்தைக்கும் பணக்கார வியாபாரிக்கும் ஒரே கட்டணம் என்பது நியாயமா? குழந்தைகளுக்காவது கட்டணத்தைக் குறைக்க மத்திய அரசு முன்வர வேண்டும். வளைகுடாவில் விடுப்புக் கிடைக்காமலும் முதலாளியிடம் பாஸ்போர்ட் சிக்கியும் ஓராண்டைத் தவறவிட்ட தொழிலாளர்களின் மனுக்களை டெல்லிக்கு அனுப்பிக் காக்க வைக்காமல், தூதரகங்களே தீர்த்து வைக்க அதிகாரம் தர வேண்டும்.

விதிகளைக் கன்னடத்திலும் தமிழிலும் எளிய துண்டறிக்கையாக அச்சிட்டுப் பெங்களூர் ஒன் மையங்களில் வைப்பது கர்நாடக அரசுக்குப் பெருஞ்செலவாகாது. தமிழ்நாட்டின் அயலகத் தமிழர் நல வாரியம் கடல் கடந்தவர்களின் காகிதக் கவலையைப் பெங்களூரிலிருக்கும் பெற்றோருக்கும் விளக்க ஏற்பாடு செய்யலாம். அல்சூர் ஏரிக்கரையிலிருக்கும் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் வாரத்தில் ஒரு மாலை விவரமறிந்தவர்களை உட்காரவைத்து விண்ணப்பங்களைச் சரிபார்த்துக் கொடுத்தால், தரகர்களின் கூட்டம் தானே குறையும்.

நம் பாட்டனார்கள் சேலத்திலிருந்தும் வேலூரிலிருந்தும் பெங்களூருக்கு வந்தபோது யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. பேரப்பிள்ளைகளின் பயணம் அப்படிப்பட்டதன்று. அவர்கள் கடக்கும் எல்லைகளில் காகிதம்தான் பேசும். வெளிநாட்டில் பிள்ளை பிறந்த செய்தி கேட்டதும் நீலசந்திராவிலிருக்கும் தாத்தா, "தாயும் சேயும் நலமா?" என்று கேட்கட்டும். அடுத்த கேள்வியாக, "தூதரகத்தில் பதிவு எப்போது?" என்றும் கேட்கட்டும்.