சொல்லின் வழியது ஆடல்

ஹவாய்த் தீவினரின் ஹுலா என்னும் ஆடலை, உடலைச் சமன் செய்தற்கும் உணர்வை விரித்தற்கும் உரிய பயிற்சியெனச் சிலர் இக்காலத்திற் கற்பித்து வருகின்றனர். பாட்டை நீக்கி அசைவை மாத்திரம் கொள்வது அவர்தம் முறை. இது பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

ஹுலா உடலுக்கு நலந் தருவதென்பதை மறுப்பாரில்லை. ஆடுவோர் முழங்காலைச் சற்றே மடித்து நிற்பர். பாதம் நிலத்திற் பதிந்திருக்கும். இடை அசையினும் தோள் அமைதியாக நிற்கும். கண் கையைத் தொடரும். இங்ஙனம் பல்லாண்டு பயின்றவருடைய உடல் நிலைகுலையாதிருத்தல் வியப்பன்று. ஆயின், அக்கை எதனைத் தொடர்கின்றது? சொல்லையே தொடர்கின்றது. மெலே எனப்படும் பாட்டு மழையென்றால் மழையையும், அலையென்றால் அலையையும் கை காட்டும். பாட்டின் வெளிப்படைப் பொருளுக்குள்ளே கவோனா என்னும் மறைபொருளும் உண்டு. மழையைப் பாடும் பாட்டுக் காதலைக் குறித்தலுங் கூடும். நம் இலக்கணத்தார் உள்ளுறை என்றது நினைவுக்கு வருகின்றது. ஆடற்கூடத்தின் வாயிலில் மாணாக்கர் பாட்டினால் அனுமதி வேண்டி, ஆசிரியர் பாட்டினால் விடை தந்த பின்னரே உள்ளே புகுதல் பழைய மரபு. உட்புகுதற்கும் மொழி வேண்டுமெனின், ஆடுதற்கு வேண்டாவோ?

அத்தீவுகளின் வரலாறும் இதற்குச் சான்றாகும். கிறித்துவ சமயத்தைத் தழுவிய அரசி காஅகுமானு, 1830ஆம் ஆண்டில் ஹுலாவைப் பொதுவிடங்களில் ஆடலாகாதெனத் தடுத்தார். எனினும் ஆடல் அழிந்திலது. மக்களிடத்து மொழி உயிரோடிருந்தமையால், மறைவிலே வாழ்ந்து, கலாக்காவா மன்னரின் 1883ஆம் ஆண்டு முடிசூட்டு விழாவில் மீண்டும் அரங்கேறிற்று. 1896இல் எழுந்த சட்டமோ ஆடலைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. பாடசாலைகளிற் கல்விமொழி ஆங்கிலமே என்று மாத்திரம் விதித்தது. அதன் பின் வளர்ந்த பிள்ளைகள் பலர் தம் பாட்டனார் பாட்டின் பொருளை அறியாராயினர். ஆங்கிலப் பாட்டுக்கு இடை அசைத்து உல்லாசப் பயணிகளை மகிழ்விக்கும் ஆடலே உலகறிந்த ஹுலாவாயிற்று. ஆடலைத் தடுத்த ஆணையினும், மொழியைத் தடுத்த சட்டமே அவ்வாடலுக்குப் பெருங்கேடு விளைத்தது என்பது என் துணிபு.

மீட்சியும் அவ்வழியே வந்தது. 1971இல் ஹீலோ நகரத்து விழாவில் ஹுலாப் போட்டி தொடங்கிற்று. 1978இல் ஹவாய் மொழி அம்மாநிலத்தின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று. 1984இல் அம்மொழியிலேயே கற்பிக்கும் பாலர் பள்ளி தோன்றிற்று. ஐந்து உயிரும் எட்டு மெய்யுமே கொண்ட அச்சிறு நெடுங்கணக்கைப் பிள்ளைகள் ஓதத் தொடங்கவே, ஆடலிலும் பொருள் மீண்டது.

பிறநாட்டார் ஹுலா பயிலலாகாது என்பது என் கருத்தன்று. பயில்வோர் முதலிற் பாட்டின் பொருளை ஆசிரியரிடம் வினவுக. உணர்வு விரிதல் என்பது பிறிதொரு மக்களின் சொல்லுக்குள் நாம் புகுதலேயன்றி வேறன்று. அதற்குப் பொறுமையில்லாதார் முழங்காலை மடித்து உடற்பயிற்சி செய்க, நலமே. அதற்கு ஹுலா என்னும் பெயரை மாத்திரம் இடாதொழிக.