ரண சிகிச்சையும் தலைவிதியும்

மதுரைச் சீமையிலே கண்ணில் புரை விழுந்தவர்கள் ரண சிகிச்சை செய்துகொண்டு பார்வை பெறுவது இன்று சர்வசாதாரணமாகி விட்டது. பார்வை வந்தால் “மீனாட்சி கண் கொடுத்தாள்” என்கின்றார்கள். சாத்தூர்ப் பக்கத்து இருக்கன்குடி மாரியம்மனுக்குக் கண்மலர் வாங்கிப் போடுகின்றார்கள். கண் கெட்டுவிட்டாலோ, “அவன் தலைவிதி, பூர்வஜன்ம கர்மம்” என்கின்றார்கள். நல்லது நடந்தால் பெயர் சாமிக்கு. கெட்டது நடந்தால் பழி நோயாளிக்கு! இது என்ன நியாயம் என்று கேட்கின்றோம்.

“துன்பப்பட்டவனுக்கு ஆறுதல் வேண்டாமா?” என்று ஆஸ்திக நண்பர்கள் கேட்கலாம். வேண்டியதுதான். கண் போனவன் இரவில் தனியே சாமி பெயரைச் சொல்லி அழுதால் நாம் அவன் வாயைப் பொத்தப் போவதில்லை. ஆனால், ஆறுதல் என்னும் பெயரால் காரணத்தையே புதைத்து விடுவதைத்தான் ஆட்சேபிக்கின்றோம்.

2008-ஆம் வருஷம், அப்போதைய விழுப்புரம் ஜில்லாவில் இலவச முகாம் ஒன்றில் பொறுக்கியெடுக்கப்பட்டு ரண சிகிச்சை செய்துகொண்ட ஏழைகளில் 60 பேருக்கு மேல் அந்தக் கண்ணில் பார்வையிழந்தார்கள். அத்தனை பேருடைய பூர்வஜன்ம பாவமும் ஒரே சமயத்திலா பலித்தது? கிருமிக்கு ஜாதகம் பார்க்கத் தெரியுமா?

நிற்க. மதுரையில் பிறந்த அரவிந்த் கண் ஆஸ்பத்திரிகளின் வைத்தியர்கள் 6 லட்சத்துக்கு மேற்பட்ட புரை சிகிச்சைகளைக் கணக்கெடுத்து 2017-இல் வெளியிட்டார்கள். சிகிச்சையின்போது கண்ணுக்குள் கிருமிக்கொல்லி மருந்து செலுத்தாதவர்களில் 10,000-க்கு 7 பேருக்குக் கண்ணுக்குள் சீழ் பிடித்தது. செலுத்தியவர்களில் 2 பேருக்கே பிடித்தது. விதி என்று கைகட்டி உட்கார்ந்திருந்தால் அந்த 7 என்றைக்கும் 7 ஆகவே இருந்திருக்கும். பிரம்மன் எழுத்தென்றால், மருந்துத் துளி அதை அழித்ததெப்படி?

“அந்த ஆஸ்பத்திரியை 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமியே அரவிந்தரின் பக்தர்தானே?” என்பார்கள். ஆம்; அது அவர் சொந்த விஷயம். மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன அவர், அந்தக் கையாலேயே கத்தி பிடிக்கப் பழகினார். பக்தி அவருக்கு மனத்தெம்பு கொடுத்திருக்கலாம்; நோயாளிக்குக் கண் கொடுத்தது பழக்கமும் படிப்புமேயாகும்.

தோழர்களே! சிகிச்சைக்குப் பின் கண் வலித்தாலும், சிவந்தாலும், பார்வை மங்கினாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தீர்த்தமும் விபூதியும் கண்ணருகே வரவேண்டாம். ஒருநாள் தாமதம் ஒரு கண்ணையே விலை கேட்கும். கெடுதல் நேர்ந்துவிட்டாலோ, ஏன் நேர்ந்தது என்று வைத்தியரைக் கேளுங்கள். நீங்கள் கேட்கும் கேள்வி உங்கள் கண்ணைத் திருப்பித் தராமற் போகலாம். நாளைக்கு அதே மேஜையில் படுக்கப்போகிறவனுடைய கண்ணைக் காப்பாற்றும். எந்த வேண்டுதலுக்கும் அந்த யோக்கியதை கிடையாது.