பூரான் பிடிக்கும் கை
2001-இல் தாய்லாந்தில் பூச்சியியலாளர் ஜார்ஜ் பெக்கலோனி ஓடைக்கரைக் கல்லொன்றைப் புரட்டியபோது, அடியிலிருந்து வெளிப்பட்ட பெரும்பூரான் காட்டை நோக்கி ஓடாமல் நீருக்குள் பாய்ந்ததும், அந்த உயிரி 2016-இல் 'ஸ்கோலோபெண்ட்ரா கேட்டராக்டா' என்னும் புதிய இனமாக விவரிக்கப்பட்டதும் வாசகர் சிலர் அறிந்திருக்கக்கூடியவையே. ஆயினும் இத்தகைய உயிரியைச் சேகரிப்பவரின் கை எவ்வளவு பொறுமையோடு இயங்க வேண்டும் என்பது போதிய அளவு பேசப்படுவதில்லை. பூரானின் நஞ்சு வாயுறுப்புகளில் இல்லை. தலைக்கு அடியில், முதல் இணைக் கால்களே உருமாறி அமைந்த நச்சுக்கொடுக்குகளில்தான் இருக்கிறது, உடலோ வளைந்து திரும்பி எப்பக்கமும் கவ்வ வல்லது என்பதால், வெறுங்கையால் பிடிக்க ஏற்ற இடம் என ஒன்று அதன் மேல் இல்லை. எனவே நீண்ட இடுக்கியும், விலங்கின் நீளத்தைவிட உயரமான வழவழப்பான கலனும் தேவைப்படுகின்றன. உயரம் குறைந்தால், சுவரில் சாய்ந்து நிமிரும் பூரான் விளிம்பை எட்டிவிடும். ஆனால் இடுக்கியை அழுத்திப் பிடித்தால் கால்கள் முறியும் என்பதும், இனங்களைப் பிரித்தறிய உதவும் முட்களில் முக்கியமானவை கடைசி இணைக் கால்களிலேயே உள்ளன என்பதும் மறக்கத்தக்கவையல்ல. ஆகவே இறுக்கிக் கவ்வுவதைவிடக் கலனுக்குள் மெல்ல ஓட்டுவதே, கைக்கும் மாதிரிக்கும் (ஆய்வுக்கெனப் பாதுகாக்கப்படும் உடலுக்கும்) ஒருசேர நன்மை பயக்கும். முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு காக்கும் தாய்ப்பூரானையோ தொடாமல் விடுவதே முறை, ஏனெனில் கலைக்கப்பட்டால் அது தன் முட்டைகளையே தின்றுவிடக்கூடும். தேடலில் புரட்டிய கல்லும் ஈரம் உலர்வதற்கு முன், அது இருந்த அதே கிடையில் மீண்டும் வைக்கப்பட வேண்டும்.