‘அரசு அங்கீகாரம் பெற்றது’: எந்த அரசு, எந்தச் சட்டம்?



ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலின் படியிறங்கும்போது கையில் தரப்படும் துண்டறிக்கைகளில் போதை மறுவாழ்வு மையங்களின் விளம்பரங்களும் இப்போது இடம்பெறுகின்றன. மகனின் நிலை கண்டு உறக்கமிழந்த ஒரு வாப்பாவோ உம்மாவோ அவற்றில் முதலில் தேடுவது ‘மத்திய, மாநில அரசுகளின் அங்கீகாரம் பெற்றது’ என்ற ஒற்றை வரியைத்தான். அந்த வரி இருந்துவிட்டால் மேற்கொண்டு கேள்வி கேட்பது அநாகரிகம் என்ற எண்ணம் நம் மஹல்லாக்களில் வேரூன்றியிருக்கிறது. இந்த எண்ணம் தவறானது மட்டுமன்று, ஆபத்தானதும் ஆகும் என்பதே நம் வாதம்.

அங்கீகாரச் சான்றைக் காட்டுங்கள் என்று கேட்டால் பெரும்பாலும் என்ன காட்டப்படுகிறது? சட்டமிடப்பட்டுச் சுவரில் மாட்டிய சில தாள்கள். அவற்றுள் ஒன்று, 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பெற்ற பதிவு. அல்லது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான அறக்கட்டளைப் பத்திரம். இப்பெயரில் ஒரு சங்கம் இருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. நம் ஊர் விளையாட்டுக் கழகமும் அதே சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யப்பட்டதுதான். அடுத்தது வருமான வரித்துறையின் 12ஏ, 80ஜி சான்றுகள். அவை வரிச்சலுகைக்கானவை, உள்ளே மருத்துவர் இருக்கிறாரா என்று வரித்துறை பார்ப்பதில்லை. நிதி ஆயோக்கின் ‘தர்பன்’ தளத்தில் கிடைக்கும் எண், தொண்டு நிறுவனங்களின் விவரங்களை ஓரிடத்தில் திரட்டுவதற்காகத் தரப்படும் எண். ‘உத்யம்’ பதிவோ சிறுதொழில் செய்வோர் தாமே விவரம் கொடுத்து இணையத்தில் கட்டணமின்றிப் பெறுவது. இவை எதனையும் போலி என்று நாம் கூறவில்லை. ஆனால் இவற்றில் ஒன்றுகூட, இந்த மையம் நோயாளிகளை வைத்துப் பராமரிக்கத் தகுதியுடையது என்று சாட்சி சொல்வதில்லை.

ஐஎஸ்ஓ சான்றைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் நம் மக்கள் அதனை ஏதோ வெளிநாட்டு அரசின் முத்திரை என்றே நினைக்கிறார்கள். ஐஎஸ்ஓ எந்த அரசின் துறையும் அன்று. தர விதிகளை வெளியிடும் அந்த அமைப்பு தானாக எவருக்கும் சான்றிதழ் வழங்குவதும் இல்லை. சான்று தருபவை கட்டணம் பெறும் வேறு நிறுவனங்கள். மாவட்ட ஆட்சியருடன் எடுத்த நிழற்படமும், சட்டமன்ற உறுப்பினர் நாடா வெட்டிய நிழற்படமும் எத்தகைய அங்கீகாரம் என்பதை விளக்க வேண்டிய தேவையில்லை.

அப்படியானால் மெய்யான அங்கீகாரம் எது? 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவாலும் போதைப் பொருளாலும் விளையும் மனநலப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. ஆகவே அத்தகையோரைத் தங்கவைத்துச் சிகிச்சை அளிக்கும் இல்லம், மாநில மனநல ஆணையத்திடம் பதிவு பெற்றாக வேண்டும். பதிவின்றி நடத்துவது குற்றம். முதல் முறைக்கே ஐயாயிரம் முதல் ஐம்பதாயிரம் ரூபாய் வரை தண்டத்தொகை உண்டு, மீண்டும் மீண்டும் செய்தால் ஐந்து லட்சம் வரை உயரும். நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. வீட்டார் ஒரு தாளில் கையொப்பமிட்டுக் கொடுத்ததனால் மட்டும் வயதுவந்த ஒருவரை மாதக்கணக்கில் பூட்டி வைத்துவிடவும் முடியாது. எனவே கேட்க வேண்டிய தாள் இதுதான்: மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்று, அதன் எண், அது செல்லுபடியாகும் நாள். சமூகநீதி அமைச்சகத்தின் நிதியுதவி பெறுகிறோம் என்று சொன்னால் அது வேறொரு செய்தி. எந்தத் திட்டத்தில், எந்த ஆண்டுக்கு என்று கேட்க வேண்டும். அமைச்சகத்தின் 14446 என்ற இலவச உதவி எண்ணிலும் விசாரிக்கலாம்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு, பையன் திருந்தினால் போதாதா என்று கேட்பவர்கள் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்றொரு பிரிவு உண்டு. போதைப் பொருளை உட்கொண்டதற்காகவோ சிறிதளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய, போதைக்கு அடிமையான ஒருவர், தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெற அது வழி செய்கிறது. ஆனால் அந்தச் சிகிச்சை, அரசோ உள்ளாட்சி அமைப்போ நடத்தும் அல்லது அங்கீகரித்த நிலையத்தில் நடைபெற்றிருக்க வேண்டும். ஆக, துண்டறிக்கையில் அலங்காரமாக அச்சிடப்படும் ‘அங்கீகாரம்’ என்ற சொல், ஒரு பிள்ளையின் எதிர்காலத்தையே தீர்மானிக்கும் சட்டச்சொல் ஆகும். அந்தச் சொல் பொய்யானால், நகையை அடகு வைத்துக் கட்டிய பணத்தோடு அந்தப் பாதுகாப்பும் கைநழுவும்.

அரசின் பெயரைச் சொல்லி நம்பவைக்கும் இந்தப் பழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1966-இல் அரிசோனா மாநிலச் சிறையில் ஒரு கைதியால் தொடங்கப்பட்ட ‘நார்கோனான்’ என்ற மறுவாழ்வு அமைப்பு, சயின்டாலஜி என்னும் இயக்கத்தின் நிறுவனர் ஹப்பார்ட்டின் நூல்களை அடிப்படையாகக் கொண்டது. நீராவி அறையில் பல மணி நேரம் அமர்த்துவதும் அதிக அளவில் வைட்டமின்கள் கொடுப்பதும் அதன் முறை. 1980-களின் இறுதியில் ஒக்லஹோமா மாநிலத்தின் சிலோக்கோ என்ற இடத்தில் அது பெரிய மையம் ஒன்றை அமைக்க முற்பட்டது. 1989-இல் நடந்த விழாவில் ஒரு சங்கம் அதன் பணியை ஆராய்ந்து பாராட்டி இரண்டு லட்சம் டாலர் காசோலையை வழங்கியது. வெளியார் ஒருவர் தந்த நற்சான்று என்றே ஊரார் நம்பினர். பக்கத்திலிருந்த நியூகர்க் என்னும் சிற்றூரின் சிறிய பத்திரிகை விசாரித்தபோதுதான், பாராட்டிய சங்கமும் பாராட்டப்பட்ட அமைப்பும் ஒரே இயக்கத்தின் கிளைகள் என்பது வெளிப்பட்டது. வலக்கை இடக்கைக்குச் சான்றிதழ் எழுதியிருந்தது!

1991-இல் அம்மாநில மனநல வாரியம், இம்முறை பயன் தருகிறது என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்று கூறிச் சான்றளிக்க மறுத்தது. கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மறு ஆண்டே, அரசு சாராத தர அமைப்பு ஒன்றின் சான்று அதற்குக் கிடைத்தது. அதைக் காரணம் காட்டி மாநிலச் சான்று பெறுவதிலிருந்து விலக்கும் கிடைத்தது. விலக்கு வேறு, அங்கீகாரம் வேறு. ஆயினும் வாசலில் நிற்கும் பெற்றோருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். 2005-இல் கலிஃபோர்னியாவின் பள்ளிக்கல்வித் தலைவர், இவ்வமைப்பு பள்ளிகளில் நடத்திய வகுப்புகளில் பிழையான தகவல்கள் இருப்பதாக ஆய்வில் தெரியவந்ததும், அவற்றைக் கைவிடுமாறு பள்ளிகளைக் கேட்டுக்கொண்டார். அதுவரை அவை அரசுப் பள்ளிகளிலேயே நடந்துவந்தவை. பின்னர் ஒக்லஹோமாவில் இதே அமைப்பு நடத்திய மற்றொரு மையத்தில், 2011 அக்டோபருக்கும் 2012 ஜூலைக்கும் இடையில் மூவர் உயிரிழந்தனர். அமைப்பு தன் மீதான குற்றச்சாட்டுகளை மறுத்தது. இத்தகைய மையங்களை மாநிலத் துறையின் கண்காணிப்புக்குள் கொண்டுவரும் சட்டம் 2013-இல்தான் வந்தது. அந்த மூன்று குடும்பங்களும் கொடுத்த விலைக்குப் பிறகு!

அயல்நாட்டுக் கதை என்று ஒதுக்குவோருக்கு நம் இராமநாதபுரம் மாவட்டத்திலேயே ஏர்வாடி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் அதிகாலையில், தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த தனியார் மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட இயலாமல் கருகி மாண்டார்கள். அவர்களை அங்கே விட்டுச் சென்றவர்களும் கல்நெஞ்சர்கள் அல்லர், பெற்றோரும் உடன்பிறந்தோரும்தாம். புனிதமான ஓர் ஊரின் பெயரே போதிய சான்று என்று கருதி, நடத்துபவர் யார், அவருக்கு என்ன உரிமம் என்று கேளாமல் விட்டார்கள். அன்று ஊரின் பெயர் செய்த வேலையை இன்று ‘அரசு’ என்ற சொல் செய்கிறது.

‘சேவை செய்பவர்களைச் சந்தேகிக்கலாமா? தீய எண்ணம் கொள்வதைத் தடுக்கும் வசனம் உங்களுக்குத் தெரியாதா?’ என்று சிலர் நம்மிடம் கேட்கிறார்கள். தெரியும். அது சூரத்துல் ஹுஜுராத்தில் 12-ஆம் வசனம். அதே அத்தியாயத்தின் 6-ஆம் வசனத்தில் வரும் செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்லும் கட்டளையும் இருக்கிறது; இரண்டையும் சேர்த்தே ஓத வேண்டும். ஆதாரமின்றி ஒருவரைத் திருடர் என்பது தீய எண்ணம். ஆவணத்தைக் காட்டுங்கள் என்பது விசாரணை. ஹதீஸ் கலை இமாம்கள் அறிவிப்பாளரின் தொழுகையையும் நோன்பையும் பார்த்து அவர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. வணக்கசாலிகள் எத்தனையோ பேரை நினைவாற்றல் குறைவு என்று கூறி ‘பலவீனமானவர்’ பட்டியலில் வைத்தார்கள். நேர்மையாக நடத்துபவருக்குப் பதிவுச் சான்றைக் காட்ட இரண்டு நிமிடம் ஆகாது. காட்டச் சொன்னதும் கோபம் கொள்பவரிடம் பிள்ளையை ஒப்படைக்கத் துணியும் பெற்றோரை நம்மால் புரிந்துகொள்ள இயலவில்லை.

உண்மையில் நம் மக்களைக் கேள்வி கேட்க விடாமல் தடுப்பது நல்லெண்ணம் அன்று, வெட்கம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் நின்றால் யாராவது பார்த்துவிடுவார்கள், மகளின் நிக்காஹ் பேச்சு நின்றுவிடும் என்ற அச்சம். அதனால் இரவோடு இரவாக, பெயர் தெரியாத ஊரிலுள்ள பெயர் தெரியாத இல்லத்துக்கு வண்டி ஏற்றி அனுப்புகிறார்கள். ‘வெளியே தெரியாது’ என்ற வாக்குறுதியை விற்பவருக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளர் கிடைப்பாரா? நாள்பட்ட குடியைத் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து உயிரே போகக்கூடும் என்பதும், சில மாதம் விட்டிருந்தவர் மீண்டும் பழைய அளவில் ஓபியம் வகைப் போதையை ஏற்றினால் உடல் தாங்காது என்பதும் மருத்துவம் அறிந்த உண்மைகள். மருத்துவர் இல்லாத இல்லத்தில் இவற்றை யார் கவனிப்பார்?

ஜமாஅத் நிர்வாகிகளிடம் நமக்குக் கடுமையான மனத்தாங்கல் உண்டு. ஜமாஅத் தாளில் பரிந்துரை எழுதுவது, முதவல்லியின் முன்னிலையில் ஸக்காத் நிதி வழங்குவது, மிம்பருக்கருகே அறிவிப்புச் செய்ய அனுமதிப்பது ஆகியவை சாட்சியம் அளிப்பதற்குச் சமம். ஒரு ஏழைத் தாய் அந்த அறிவிப்பை நம்பித்தான் மகனை அனுப்புகிறாள். நாளை அதே மையம் தன் அடுத்த துண்டறிக்கையில் அந்த ஜமாஅத்தின் பெயரையும் ‘அங்கீகரித்தவர்கள்’ வரிசையில் சேர்த்துக்கொள்ளும். திருமணப் பதிவேட்டில் ஒரு கையொப்பம் விடுபட்டால் நாள்முழுக்க விவாதிக்கும் நிர்வாகம், இதில் ஒரு பதிவு எண்ணைக்கூடக் கேட்பதில்லை.

நிர்வாகிகள் செய்ய வேண்டியது அரிதானதன்று. மையத்திடம் மாநில மனநல ஆணையப் பதிவின் நகலைப் பெற வேண்டும். பொறுப்பு மனநல மருத்துவரின் பெயரையும், அவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார் என்பதையும் எழுத்தில் கேட்க வேண்டும். முன்னறிவிப்பின்றி இருவர் நேரில் சென்று பார்க்க வேண்டும். உள்ளிருப்பவர்களுடன் தனியே பேச அனுமதிக்கிறார்களா என்பதையும் கவனிக்க வேண்டும். நகலின் மீது ஐயம் இருந்தால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஆணையத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கே விண்ணப்பிக்கலாம்: இப்பெயருடைய மையம் தங்களிடம் பதிவு பெற்றுள்ளதா, எந்த நாள் வரை? விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய். முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம்.