அண்ணாந்து தொழும் கழுத்துக்கு

நாமக்கல்லில் கூரையின்றி வெட்டவெளியில் நிற்கும் ஆஞ்சநேயரின் உயரம் 18 அடி. அருகில் நின்று திருமுகத்தை நெடுநேரம் அண்ணாந்து நோக்கும் முதியோர்க்குக் கழுத்து நோவது இயல்பே. சற்றுப் பின்வாங்கி நின்றால் முழுத் திருமேனியும் வருத்தமின்றிக் கண்ணில் நிறையும்.

அதனினும் கழுத்தை வருத்துவது வீட்டில் குனிந்தபடி செய்யும் பாராயணம். ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள தலை முன்சாயச் சாய, அதைத் தாங்கும் பிடரித் தசைகள் இறுகுகின்றன. நூலை மடியில் வையாமல், உயர்த்திய வியாசபீடத்தில் வைத்து ஓதுதல் நலம்.

இறுகிய தசைக்கு எண்ணெய்த் தேய்ப்பு இதம் தரும். ஆண்களுக்குச் சனி, பெண்களுக்கு வெள்ளி என்பது வழக்கம். இளஞ்சூடான நல்லெண்ணெயை உச்சியில் வைத்து, விரல்நுனிகளால் பிடரிவரை வட்டமாகத் தேய்த்து, இருபுறமும் தோள்நோக்கி வழித்துவிட வேண்டும், நடுவெலும்பை அழுத்தலாகாது. பேரப்பிள்ளைகளைத் தேய்க்கச் சொன்னால், செல்பேசியில் கவிழ்ந்த அவர்கள் தலையும் சற்று நிமிரும்!

முடிதிருத்தகத்தில் தலையைத் திருகிச் சொடுக்கெடுப்பது மட்டும் கூடவே கூடாது. கழுத்தெலும்பினூடே மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் நேரக்கூடும். கை மரத்தாலோ நடை தள்ளாடினாலோ எண்ணெய்க் கிண்ணத்தை ஒதுக்கிவிட்டு, அன்றே மருத்துவரைக் காண வேண்டும்.