‘ஆதிமனிதனின் அம்பு’ விற்பனைக்காம்!



நீண்ட பதிவுதான். ஆனாலும் வாசித்துவிட்டுப் போங்கள். குறிப்பாக வெளிநாட்டிலிருந்து ஊருக்குக் காசு அனுப்புகிற பிள்ளைகள்.

கொஞ்ச நாளாக எங்கள் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் கல் வியாபாரம் நடக்கிறது. சிவப்பும் மண்ணிறமுமாக மினுங்கும் முக்கோணக் கற்கள். அடியில் இரண்டு பக்கமும் அழகாக வெட்டு விழுந்திருக்கிறது, நூல் சுற்றிக் கட்ட வசதியாக. “வன்னிக் காட்டில் எடுத்த ஆதிமனிதனின் அம்புமுனை, ஒன்று 15,000 ரூபா.” கீழே இறங்கிப் பார்த்தால் “அண்ணா எனக்கு ரெண்டு”, “இன்பொக்ஸ் வாங்க” என்று வரிசை. ஸ்கந்தபுரத்து ஆட்களும் அந்த வரிசையில் நிற்கிறார்கள். பாடசாலை வரலாற்றுப் பகுதிக்கு நான்கு வாங்கித் தருகிறோம் என்று நல்ல மனதோடு கேட்டவர்களும் உண்டு. வேண்டாம் என்றோம். கொஞ்சம் கோபப்பட்டார்கள். ஏன் வேண்டாம் என்றோம் என்பதற்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்த மினுங்குகிற கல். இந்தியாவில் குஜராத்தில் கம்பாத் என்று ஓர் ஊர் இருக்கிறது. பழைய பெயர் காம்பே. அகேற் கல் வேலைக்குப் பேர்போன இடம். கூரான இரும்புக் கம்பியை நிலத்தில் நட்டு, அதன் முனையில் கல்லைச் சாய்த்துப் பிடித்து, கொம்புத் தலை வைத்த சுத்தியலால் தட்டித் தட்டிச் செதுக்குவார்கள். கல்லைச் சூடாக்கிச் சிவப்பேற்றுவதும் அவர்களுடைய பழைய தொழில்நுட்பம். மணி, மோதிரக் கல்லோடு அம்புமுனையும் அங்கே செய்கிறார்கள். மாலைக்கும் சாவிக் கொத்துக்குமாக அது உலகம் முழுக்கப் போகிறது. படத்தில் பார்த்த சாமான் அந்த வேலை மாதிரித்தான் இருக்கிறது. கம்பாத் தொழிலாளியில் எந்தக் குற்றமும் இல்லை. அவர் அலங்காரச் சாமான் என்று சொல்லித்தான் விற்கிறார். நடுவில் நின்று அதற்கு வன்னி மண்ணைப் பூசுகிறவன் இருக்கிறானே, அவன்தான் கள்ளன்.

எங்கள் மண்ணில் உண்மையாகக் கிடைப்பது பார்வைக்கு இவ்வளவு கவர்ச்சியாக இருக்காது. இரணைமடு என்றால் எங்களுக்குக் குளம், வயல், நீர்ப்பங்கீடு. தொல்லியல் படித்தவர்களுக்கு அது வேறொன்றின் பெயரும்கூட. இலங்கையின் வரண்ட வலயத்தில் பரவிக் கிடக்கும் மிகப் பழைய சரளைக்கல், செம்மணல் படிவுக்கு ‘இரணைமடுப் படிவு’ என்றுதான் பெயர். சிரான் தெரணியகல அதை விரிவாக ஆராய்ந்தார். இந்தத் தீவில் மனிதர் வாழ்ந்த தடயம் சுமார் 125,000 ஆண்டுகளுக்கு முன் போகிறது என்பது அவருடைய கணிப்பு. அதாவது தமிழன், சிங்களவன், முஸ்லிம் என்ற எந்தப் பெயரும் பிறக்காத காலம்.

இலங்கையின் கற்காலக் கருவிகளில் பேர்போனவை நுண்கருவிகள். வெண்படிகக் கல்லிலும் (விஞ்ஞானப் பாடத்தில் குவாட்ஸ் என்று படிப்பது) சேர்ட் கல்லிலும் செய்த சின்னஞ்சிறு துண்டுகள். பிறை வடிவம், முக்கோணம், சரிவகம். நான்கு சென்ரிமீற்றர் கூட வராது. பல துண்டுகள் விரல் நகத்தளவுதான். இரண்டு பக்கமும் செதுக்கிய இலை வடிவ முனைகளும் இருக்கின்றன, ஆனால் அரிது. அடியில் காது வெட்டிய பெரிய அம்புமுனை வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் பாணி. ஆங்கிலப் படத்தில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதுதான் ‘அம்பு’ மாதிரித் தெரிகிறது. போலி செய்கிறவனுக்கு எங்களைவிட இது நன்றாகத் தெரியும்.

இன்னொன்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். இலங்கையில் இதுவரை கிடைத்த மிகப் பழைய அம்புமுனைகள் கல்லில் செய்தவையே அல்ல. களுத்துறை மாவட்டத்தில் புலத்சிங்கள பக்கம் பாஹியன்கல குகை இருக்கிறது. அங்கே எடுத்த சுமார் 130 எலும்பு முனைகளைப் பற்றி 2020 இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. காலம் ஏறத்தாழ 48,000 ஆண்டு. குரங்கும் அணிலும் வேட்டையாடிய மக்கள். ஆபிரிக்காவுக்கு வெளியே அதுவரை தெரிந்த வில் அம்புச் சான்றுகளில் அதுவே மிகப் பழையது என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். எலும்புத் துண்டை யாராவது வட்ஸ்அப்பில் 15,000 ரூபாவுக்கு விற்பானா? அழகில்லையே.

சரி, கையில் ஒரு கல்லைத் தந்தால் எப்படிப் பார்ப்பது? பத்துக் கல்லும் ஒரே அளவு, ஒரே சாயல் என்றால் அது தொழிற்சாலைப் புத்தி. மண் ஒட்டியிருந்தால் தண்ணீரில் ஊறவிடுங்கள். பூசிய மண் சீக்கிரம் போய்விடும், பிசின் வைத்து ஒட்டியிருந்தால் தோல் மாதிரி உரிந்து வரும். செதுக்கிய குழிகளின் ஓரம் விரலைக் கீறுகிற மாதிரிப் புதிதாக இருக்கிறதா, கல்லின் பழைய முகம் ஒரு நிறமும் செதுக்கிய இடம் வேறு நிறமுமாக இருக்கிறதா என்று வில்லை வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் தட்டையாக, நேர் கோடாக இருந்தால் அது இயந்திர வாள் அறுத்த தடம். குழிக்குள் கருத்த உலோகக் கீறல் இருந்தால் இரும்பு பட்டிருக்கிறது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒன்றையும் சொல்ல வேண்டும். வெண்படிகத்தில் இந்த வித்தைகள் பெரும்பாலும் பலிக்காது. சேர்ட் கல்லில் வயது ஒரு பூச்சாகப் படியும், வெண்படிகம் அப்படிக் காட்டிக்கொடுக்காது. போதாததற்கு எங்கள் மண்ணில் கல்லை உடைத்தவன் ஆதிமனிதன் மட்டுமல்ல. உழவு இயந்திரம் உடைத்தது, பெக்கோ உடைத்தது, ரோலர் உடைத்தது, வருஷக்கணக்காக விழுந்த ஷெல்லும் உடைத்தது. கூராக இருக்கிறதெல்லாம் கருவி இல்லை. “பார்த்தவுடனே சொல்லிடுவன்” என்று நெஞ்சில் தட்டுகிறவர்களை நம்பாதீர்கள். ஆய்வாளர்களே கல்லை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. எங்கே கிடந்தது, எந்த ஆழம், எந்த மண், பக்கத்தில் வேறு என்ன இருந்தது என்றுதான் முதலில் கேட்பார்கள்.

யப்பானில் நடந்த கதையைப் பாருங்கள். புஜிமுரா ஷின்இச்சி என்ற அகழ்வாளர், தொட்ட இடமெல்லாம் பழைய கல் எடுக்கிறவர் என்பதால் ‘கடவுளின் கை’ என்று பட்டம் பெற்றவர். தானே குழி தோண்டிக் கல்லைப் புதைப்பதை மைனிச்சி பத்திரிகையின் மறைத்து வைத்த கமரா பிடித்தது. 2000 நவம்பர் 5 இல் படத்தோடு செய்தி வந்தது. பிறகு விசாரித்தால் நூறுக்கும் மேற்பட்ட இடங்கள் கெட்டுப்போயிருந்தன. பாடப் புத்தகங்களைத் திருத்த வேண்டி வந்தது. அவர் புதைத்த கற்களில் பல, உண்மையான பழங்காலக் கற்கள்தான். வேறிடத்தில் எடுத்தவை. கல் அசல், இடம் பொய். அந்த ஒரு பொய் போதுமாக இருந்தது.

1990 இல் இரண்டு மணித்தியாலத்தில் வீட்டை விட்டுப் போனவர்களுக்கும் 2009 இல் முள்ளிவாய்க்கால் வரை போய்த் திரும்பியவர்களுக்கும் இதை நாங்கள் அதிகம் விளக்கத் தேவையில்லை. உறுதி தொலைந்த காணிக்கு, வேலிக் கரையில் நின்ற மரத்தையும் பக்கத்து வளவுக்காரரின் சாட்சியையும் காட்டித்தானே நாம் உரிமை கேட்டோம். இடத்தைச் சொல்ல முடியாத கல்லும் உறுதியும் சாட்சியும் இல்லாத காணி மாதிரித்தான்.

அதனால் விற்கிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “எந்த இடத்தில எடுத்தனீங்கள்? கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கோ.” மழுப்பினால் பொய்ச் சாமான். உண்மையிலேயே காட்டினால்? அப்போதுதான் பெரிய சிக்கல். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி நிலத்துக்குள் இருக்கும் தொல்பொருள் அரசின் சொத்து. காணி உங்கள் பெயரில் இருந்தாலும் அதுதான் சட்டம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் தோண்டுவது குற்றம், அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதும் குற்றம். 1998 இல் திருத்தித் தண்டனையைக் கூட்டினார்கள். புதையல் தோண்டிப் பிடிபட்ட பெடியளின் செய்தி வராத மாதமில்லை. அப்படியானால், போலி என்றால் நீங்கள் ஏமாந்தீர்கள், அசல் என்றால் களவுக்குக் காசு கொடுத்தீர்கள். கனடாவில் வரவேற்பறைக் கண்ணாடி அலுமாரிக்காக விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ளவும் வேண்டுமா?

எங்கள் ஆட்களில் சிலர் ரிகாஸ் சட்டத்தை இழுக்கிறார்கள். புதையலில் ஐந்தில் ஒன்றைக் கொடுத்துவிட்டால் மிச்சம் ஹலால்தானே என்கிறார்கள். ஐந்தில் ஒன்று கொடுத்தவர் யாரையாவது கண்டீர்களா என்று முதலில் கேட்க வேண்டும். அது இருக்கட்டும். சரக்கின் குறையை மறைத்து விற்பதை எந்த ஆலிம் கூடும் என்றார்? அளவை நிறுவையில் மோசடி செய்கிறவர்களைக் கண்டிக்கக் குர்ஆனில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. நேற்றுச் செய்த கல்லை நாற்பதாயிரம் வருஷத்துக் கல் என்று விற்பது எந்தத் தராசில் நிற்கும்?

“அரச திணைக்களத்திடம் சொன்னால் காணிக்குப் பலகை நட்டுவிடுவார்கள், அதனால்தான் சொல்லாமல் விற்கிறோம்” என்ற கதையும் வருகிறது. அந்தப் பயத்தை நாங்கள் சிரித்துத் தள்ளவில்லை. குருந்தூர்மலையும் வெடுக்குநாறிமலையும் எங்களுக்கும் தெரியும். ஆனால் பயத்துக்கு மருந்து விற்பனையா? விற்றுப் போன கல் ஒரு நாளும் உங்களுக்குச் சாட்சி சொல்லப் போவதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத்துறை இருக்கிறது, தொல்லியல் படிப்பிக்கிறார்கள். கிடந்த இடத்திலேயே படம் எடுத்து, இடத்தைக் குறித்து, அவர்களுக்கும் அறிவியுங்கள், கிராம அலுவலருக்கும் எழுத்தில் கொடுங்கள். இரண்டு இடத்தில் பதிவிருந்தால் ஓரிடத்தில் தொலையாது. இன்னுமொன்று: நாளைக்கு இந்த மண்ணின் பழமை பற்றி யாராவது வாதாட வரும்போது, எங்கள் பாடசாலை அலுமாரியில் நாலு போலிக் கல் இருந்தால், பக்கத்தில் இருக்கும் நாற்பது அசலையும் சேர்த்துத்தான் குப்பை என்பார்கள்.

விலை பேசுகிற இடத்துக்குப் போலி வரும் என்பதற்கு 1863 ஆம் ஆண்டே சாட்சி. பிரான்ஸில் அபேவில் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சரளைக்கல் கிடங்கு. ஆதிமனிதனின் எலும்பு எடுத்துத் தருபவருக்கு 200 பிராங் என்று பூஷே த பேர்த் என்ற ஆய்வாளர் அறிவித்தார். கொஞ்ச நாளில் தாடை எலும்பு ‘கிடைத்தது’. வேலையாட்கள் கொண்டுவந்து வைத்தது. அதே வருஷம் மே 30 ஆம் திகதி, சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில், அதுவும் ஒரு சரளைக்கல் கிடங்குதான், புவியியலாளர் புரூஸ் பூட் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். யாரும் விலை பேசவில்லை. இடத்தையும் நாளையும் எழுதி வைத்தார். இந்தியாவின் கற்கால ஆய்வு அந்தக் கல்லில்தான் தொடங்கியது.

பல்லாவரத்துக் கிடங்கை நினைக்கும்போது எங்களுக்கு வயிறு எரிகிறது. அக்கராயன் பக்கமும் முறிகண்டிப் பக்கமும் எத்தனை டிப்பர் கிரவல் ஏறிப் போகிறது! எங்கள் பழைய கல்லெல்லாம் இந்த மாதிரிச் சரளைக்குள்தான். போலிக்கு 15,000 கொடுக்கிற ஊரில், அசல் ரோலருக்குக் கீழே போகிறது, ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. கள்ளக் கிரவல் விஷயத்தில் யார் யார் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது தனிப் பதிவுக்குரிய சங்கதி.

இப்போதைக்குக் கேட்பது இவ்வளவுதான். டிப்பர் ஓட்டுகிற, பெக்கோ ஓட்டுகிற தம்பிமாரே, கிரவலுக்குள் செதுக்கின மாதிரிச் சின்ன வெள்ளைக் கல்லோ, பழைய ஓட்டுத் துண்டோ கூட்டமாகக் கண்டால் ஐந்து நிமிஷம் இயந்திரத்தை நிறுத்துங்கள். அசைக்காமல் ஒரு படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு பத்து ரூபாக் குற்றியை வைத்து. போனில் இடத்தைக் குறித்து எங்களுக்கு அனுப்புங்கள். அதை உரிய இடத்துக்குச் சேர்ப்பது எங்கள் பொறுப்பு. பெற்றோரே, பிள்ளைகளைக் கல் பொறுக்கக் காட்டுக்கு அனுப்பாதீர்கள், வெடிக்காத சாமான்கள் இன்னும் மண்ணுக்குள் கிடக்கின்றன. பாடசாலைக்கு அன்பளிப்புத் தர விரும்பினால் ஒரு நல்ல உருப்பெருக்கி வில்லை வாங்கித் தாருங்கள், நாங்கள் வைத்திருந்தது உடைந்துவிட்டது. கல் தருவதென்றால், எடுத்த இடம், எடுத்த நாள், எடுத்தவர் பெயர் மூன்றும் எழுதிய துண்டோடு வாருங்கள். துண்டு இல்லாத கல்லை அலுமாரியில் வைக்க மாட்டோம், அது யார் தந்தாலும்.