ரூபாயில் 85 காசு கத்திக்கு

குடும்ப நலத் திட்டம் என்று அரசு பெயர் மாற்றிப் பல காலம் ஆகிறது. நம் காலனிகளில் இன்றும் அதற்குப் பெயர் 'ஆபரேஷன்'தான். மக்கள் சொல்வதில் பிழையில்லை. அரசின் செலவுக் கணக்கும் அதையேதான் சொல்லியிருக்கிறது.

2013-14ஆம் ஆண்டில் குடும்பக் கட்டுப்பாட்டுக்காக இந்தியா செலவிட்ட ஒவ்வொரு ரூபாயிலும் ஏறத்தாழ 85 காசு பெண்களின் கருத்தடை அறுவைக்கே போனது. மாத்திரை, காப்பர்-டி, ஆணுறை என்று பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடும் முறைகளுக்கு ஒன்றரைக் காசுகூடக் கிடைக்கவில்லை. பாப்புலேஷன் பவுண்டேஷன் ஆஃப் இந்தியா என்ற அமைப்பு இந்தக் கணக்கைப் பிரித்து வைத்தபோது, சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் இழவு விழுந்திருந்தது. 2014 நவம்பர் 8 அன்று அங்கே ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார். ஒரு நாளைக்கு 30 பேருக்கு மேல் கூடாது என்பது அரசின் சொந்த விதி. அப்பகுதி முகாம்களுக்குப் போன பெண்களில் 13 பேர் அடுத்தடுத்து இறந்தார்கள். முகாமுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட ஏழைப் பெண்கள்.

மருத்துவர் மீது பழி போட்டுவிட்டுக் கோப்பை மூடியிருக்கலாம். செலவுக் கணக்கு அதற்கு இடம் தரவில்லை. அறுவைக்கு இத்தனை பேர் என்று இலக்கு வைப்பதை 1996லேயே கைவிட்டுவிட்டதாக அரசு சொன்னது. ஆனால் பணம் தலைக்கு இவ்வளவு என்றுதான் போய்க்கொண்டிருந்தது. அறுவை செய்துகொள்ளும் பெண்ணுக்கு ஒரு தொகை, அழைத்து வருபவருக்கு ஒரு தொகை, மருத்துவருக்கு ஒரு தொகை. இப்படிப் பணம் கொடுத்தால், காகிதத்தில் இலக்கு இல்லாவிட்டாலும் முகாம் நிரம்பத்தான் செய்யும்.

சான்றோடு பேசியதற்குப் பலனும் இருந்தது. 2012இல் பீகாரின் அராரியா மாவட்டத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இரவு நேரத்தில், டார்ச் வெளிச்சத்தில், 53 பெண்களுக்கு அறுவை நடந்தது. அதை எதிர்த்துத் தேவிகா பிஸ்வாஸ் தொடர்ந்த பொதுநல வழக்கில் 2016 செப்டம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூன்றாண்டுகளுக்குள் முகாம்களை நிறுத்த வேண்டும், மறைமுக இலக்கும் கூடாது என்றது. 2017இல் 'அந்தரா' என்ற கருத்தடை ஊசி அரசுத் திட்டத்தில் இலவசமாக வந்தது.

நம் மாநிலக் கணக்கையும் பார்ப்போம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 57.8 விழுக்காட்டினர் அறுவை செய்துகொண்டவர்கள். இந்திய அளவில் இது 37.9. ஆண்களின் அறுவையோ இங்கே 0.1 விழுக்காடு. (பெரியார் பிறந்த மண் என்று மேடையில் பேசும் ஆண்கள் இந்தப் புள்ளியை ஒருமுறை பார்க்கட்டும்.) விரும்பிச் செய்துகொண்ட பெண்கள் ஏராளம், அவர்கள் முடிவைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. பிரசவ வலியோடு படுத்திருந்தவளிடம் வேறு வழிகளும் உண்டு என்று யாராவது எடுத்துச் சொன்னார்களா என்பதுதான் என் கேள்வி.

தலித் மக்கள் இதில் இன்னொன்றையும் கேட்க வேண்டும். மத்திய பட்ஜெட்டின் 10ஏ அறிக்கை, பட்டியல் சாதியினர் நலனுக்கான ஒதுக்கீட்டைப் பட்டியலிடுகிறது. தேசிய நலவாழ்வு இயக்கத்தின் பணத்தில் ஒரு பங்கும் அதில் வருகிறது. அதாவது, நம் பெயரில் பணம் ஒதுக்கப்படுகிறது. அதில் எத்தனை ரூபாய் நம் பெண்களின் அறுவைக்கு, எத்தனை ரூபாய் ஆலோசனைக்கு, எத்தனை ரூபாய் பின்சிகிச்சைக்கு என்ற விவரம் அந்த அறிக்கையில் கிடையாது. பெயர் எழுத மட்டும் சாதி தேவைப்படுகிறது, கணக்குக் காட்டும்போது காணாமல் போகிறது.

கல்லூரி மாணவர்கள் தொடங்கக்கூடிய வேலை இது. 2005ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தின் 6(1) பிரிவில், மாவட்டத்தில் குடும்ப நலத் திட்டத்தைக் கவனிக்கும் துணை இயக்குநர் அலுவலகத்துக்கு மனு எழுதுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் பெண் அறுவை, ஆண் அறுவை, காப்பர்-டி, ஊசி ஒவ்வொன்றுக்கும் ஆன செலவு எவ்வளவு? பயனடைந்தவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர்? அறுவை தோற்றுப்போனவர்களும் இறந்தவர்களின் குடும்பத்தினரும் இழப்பீடு கேட்டு எத்தனை மனு கொடுத்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது? பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வந்த பதிலை அடுத்த கிராம சபையில் சத்தமாக வாசியுங்கள், கிராம சுகாதார செவிலியரையும் உடன் வைத்துக்கொண்டு. 'அப்படிப்பட்ட விவரம் பராமரிக்கப்படவில்லை' என்று பதில் வந்தால், அதையும் விடாமல் வாசியுங்கள்.